ச... சி... சு... செ... சொ! ஜப்பான் சமையலறையில் ஒரு காய்கறிப் பாடம்

வீட்டில் யாருக்காவது பிரஷர் இருக்கிறதா? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும். "உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். இரண்டு நாள் பயபக்தியோடு உப்புக் குறைத்துச் சமைப்பீர்கள். மூன்றாம் நாள், "இதென்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி இருக்கு?" என்று தட்டைத் தள்ளுவார் வீட்டுக்காரர். நாலாம் நாள் ஊறுகாய் பாட்டில் மறுபடி மேஜைக்கு வந்துவிடும். சரிதானே?

இதே போராட்டத்தை ஒரு நாடே நடத்திப் பார்த்திருக்கிறது. அது ஜப்பான். அவர்கள் காய்கறியைச் சமைக்கிற விதத்தில் நமக்கு ஒரு நல்ல பாடம் இருக்கிறது. உப்பைக் குறைத்த பிறகும் நாக்கு கோபித்துக் கொள்ளாமல் பார்த்துக் கொள்வது எப்படி என்கிற பாடம்!

"ஐயையோ, ஜப்பான் சமையலா? பச்சை மீன் ஆச்சே!" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இங்கே மீனே கிடையாது. கீரை, வெள்ளரி, பரங்கி, கேரட்... எல்லாம் நம் காய்கறிக் கடையில் கிடைப்பவைதான்.

ஜப்பானியர் என்றாலே ஆரோக்கியமா?

நீண்ட ஆயுளுக்குப் பேர் போனவர்கள் ஜப்பானியர்கள். ஆனால் அவர்கள் என்றைக்குமே அப்படி இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1951-லிருந்து 1980 வரை அந்த நாட்டில் மரணத்துக்கான காரணங்களில் முதலிடம் பக்கவாதத்துக்குத்தான். பனி கொட்டும் வடக்குப் பகுதிகளிலும் மலைப் பகுதிகளிலும் குளிர்காலத்தில் பச்சைக் காய்கறி கிடைக்காது. அதனால் உப்பில் ஊறவைத்த காய், உப்பு மீன், மிசோ சூப், சோயா சாஸ் என்று எல்லாவற்றிலும் உப்புதான். வடக்கே சில ஊர்களில் 1950-களில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிட்ட உப்பு 20 கிராமுக்கும் மேல்! உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் அளவு என்ன தெரியுமா? ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். அதாவது, தலை தட்டிய ஒரு டீஸ்பூன்.

நாகானோ என்று ஒரு மலை மாகாணம். 1960-களில் பக்கவாதத்தால் இறப்பவர்கள் மிக அதிகமாக இருந்த மாகாணங்களில் அதுவும் ஒன்று. அங்கே சாக்கு என்ற இடத்து மருத்துவமனைக்கு 1945-ல் வந்து சேர்ந்தார் டாக்டர் டோஷிகாசு வகாட்சுகி. நோயாளி தன்னைத் தேடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருக்கவில்லை. கிராமம் கிராமமாகப் போனார். உடல்நலம் பற்றி நாடகம் போட்டு ஜனங்களுக்குச் சொன்னார். இந்தச் சேவைக்காக 1976-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1980-களில் நாகானோ முழுவதுமே உப்புக் குறைப்பு இயக்கம் நடந்தது. தொண்டு செய்ய முன்வந்த இல்லத்தரசிகள் வீடு வீடாகப் போய், சூப்பில் உப்பு எவ்வளவு இருக்கிறது என்று கருவி வைத்து அளந்து சொன்னார்கள்.

பலன்? 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் ஆண், பெண் இருபாலாரின் சராசரி ஆயுளிலும் ஜப்பானிலேயே நாகானோதான் முதல். காய்கறி அதிகம் சாப்பிடுவதிலும் 2012-ல் அவர்களே முதல். உப்பைக் குறைத்ததால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல முடியாது. மருத்துவ வசதி, உழைப்பு எல்லாமும் சேர்ந்துதான். ஆனால் மாற்றம் ஆரம்பித்த இடம் வீட்டு அடுப்பு என்பதில் சந்தேகமில்லை.

இன்னொரு உண்மையையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானில் 2019-ல்கூட சராசரி உப்பு 10 கிராம் அளவில்தான் இருந்தது. ஆகவே 'ஜப்பான் உணவு' என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அவர்களின் காய்கறியை எடுத்துக் கொள்வோம். சோயா சாஸ் பாட்டிலை மட்டும் ஜாக்கிரதையாகக் கையாள்வோம்.

ஐந்து சின்னக் கிண்ணம்

'ஒரு சூப், மூன்று பதார்த்தம்.' இதுதான் ஜப்பானிய வீட்டுச் சாப்பாட்டின் அடிப்படைக் கணக்கு. கூடவே வெறும் சாதம், துளி ஊறுகாய். மூன்று பதார்த்தங்களில் ஒன்று பெரியது, மற்ற இரண்டும் சின்னக் கிண்ணத்தில் வரும் காய்கறிகள். அந்தக் கிண்ணத்துக்கு 'கோபாச்சி' என்று பெயர்.

காய்கறி ஒரு நாளைக்கு 350 கிராம் சாப்பிட வேண்டும் என்பது ஜப்பான் அரசு 2000-ல் மக்களுக்கு வைத்த இலக்கு. இதைத் தராசு வைத்து யார் நிறுத்துக் கொண்டிருப்பது? அதனால் சுலபமாக்கி, 'ஒரு சின்னக் கிண்ணம் 70 கிராம். நாளைக்கு ஐந்து கிண்ணம்' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். காலையில் ஒன்று, மதியம் இரண்டு, இரவு இரண்டு. முடிந்தது!

சாப்பிடும் முறையிலும் ஒரு விசேஷம் உண்டு. சாதத்தோடு எதையும் பிசைவதில்லை. ஒரு வாய் சாதம், ஒரு வாய் காய், ஒரு மடக்கு சூப் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறார்கள். சாதத்தில் உப்பே இல்லாததால், காயில் இருக்கும் கொஞ்சம் உப்பே நாக்குக்குப் போதுமானதாகி விடுகிறது.

மனப்பாடம் செய்ய வேண்டிய சூத்திரம்

ஜப்பானில் சமையல் கற்றுக் கொள்ள ஆரம்பிக்கும் பெண்ணோ பையனோ முதலில் மனப்பாடம் செய்வது 'ச, சி, சு, செ, சொ'. நம் அரிச்சுவடி மாதிரியே இருக்கிறதே என்கிறீர்களா? காரணம் உண்டு. ஜப்பானிய எழுத்துக்களின் அ, இ, உ, எ, ஒ வரிசை, புத்தத் துறவிகள் சமஸ்கிருத எழுத்து முறையைப் படித்ததால் வந்தது. அதனால்தான் இந்தச் சொந்தம்!

ச என்றால் சர்க்கரை. அவர்கள் மொழியில் 'சாத்தோ'. சி என்றால் 'ஷியோ', உப்பு. சு என்றால் வினிகர். அதன் பெயரே 'சு'தான். செ என்றால் சோயா சாஸ்; 'ஷோயு' என்பதைப் பழைய எழுத்துமுறையில் 'செ' போட்டு எழுதுவார்கள். சொ என்றால் 'மிசோ'வின் கடைசி எழுத்து. சோயா மொச்சையை நொதிக்க வைத்துச் செய்யும் விழுது.

காய் வேகும்போது இந்த வரிசையில்தான் சேர்க்க வேண்டும். ஏன்? சர்க்கரை காய்க்குள் மெதுவாகத்தான் இறங்கும். உப்பு சீக்கிரம் புகுந்து, காயிலுள்ள நீரை வெளியே இழுத்து இறுக்கிவிடும். உப்பை முதலில் போட்டுவிட்டால் இனிப்பு உள்ளே ஏறாது. வினிகர், சோயா, மிசோ மூன்றுக்கும் உயிரே வாசனைதான். அதிக நேரம் கொதித்தால் அது ஆவியோடு போய்விடும். அதனால் அவை கடைசியில்.

நமக்கு இதில் ஒரு லாபம் உண்டு. உப்புச் சுவை கடைசியில் சேரும்போது காயின் மேல்புறத்தில் தூக்கலாக நிற்கிறது. நாக்கு முதலில் தொடுவதும் அதைத்தானே? ஆகவே குறைவாகப் போட்டாலும் தெரியும்.

சுவைக்கு அடிப்படை: தாஷி

1908-ல் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனே இகெடா, 'கொம்பு' என்ற கடற்பாசியை வேகவைத்த தண்ணீருக்கு ஏன் இத்தனை ருசி என்று ஆராய்ந்தார். (கொம்பு என்றதும் மாட்டுக் கொம்பை நினைக்காதீங்க!) அதிலிருந்து குளூட்டமேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு நான்கிலும் சேராத இந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். அடுத்த வருடமே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது.

உமாமி இருக்கும் இடத்தில் உப்புக் குறைந்தாலும் பதார்த்தம் சப்பென்று இருக்காது. ஜப்பானியச் சமையலின் ரகசியமே இதுதான். பொதுவாகக் கொம்புவோடு சூரை மீன் கருவாட்டுச் சீவலைச் சேர்த்து 'தாஷி' என்ற ரசத்தைத் தயாரிக்கிறார்கள். புத்த மடங்களில் சைவச் சமையல் என்பதால் மீனுக்குப் பதில் காய்ந்த ஷிடாக்கே காளான். நாமும் அதையே பின்பற்றலாம்.

காய்ந்த ஷிடாக்கே காளான் 4 எடுத்துத் தூசி போக அலசுங்கள். அரை லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் காளானை எடுத்துவிட்டு, தண்ணீரை ஒரு கொதி விட்டு வடிகட்டினால் தாஷி ரெடி! ஊறிய காளானை நன்றாக வேகவைத்துப் பொரியலில் போட்டுவிடலாம். பெரிய நகரங்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் இந்தக் காளான் கிடைக்கிறது.

கடையில் 'தாஷி பவுடர்' பார்த்தால் உடனே கூடையில் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மீன் சேர்ந்தவை, உப்பும் அதிகம். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி... இனி அடுப்படிக்குப் போகலாமா? கீழே உள்ள நான்கும் 4 பேருக்கான அளவு.

1. கீரை எள் கலவை (கோமா-ஆயே)

தேவையானவை: பாலக்கீரை 300 கிராம், வெள்ளை எள் 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், சோயா சாஸ் 2 டீஸ்பூன்.

செய்முறை: எள்ளை வெறும் வாணலியில், சிறு தீயில், படபடவென்று வெடிக்கும் வரை வறுங்கள். கருகினால் கசந்துவிடும், ஜாக்கிரதை! சூடாக இருக்கும்போதே சின்ன உரலில் இட்டுக் கொரகொரப்பாக நுணுக்குங்கள். (ஜப்பானியர்கள் உள்புறம் வரிவரியாகக் கீறிய மண் கிண்ணத்தில், மர உலக்கையால் அரைக்கிறார்கள்.) மிக்ஸியில் மை போல அரைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும். ஆகவே ஒரு சுற்று போதும்.

பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்து, கீரையின் தண்டுப் பகுதியை முதலில் இறக்குங்கள். அரை நிமிடம் கழித்து இலையையும் அமுக்கி, இன்னொரு அரை நிமிடத்தில் எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் போடுங்கள். பச்சை நிறம் அப்படியே நிற்கும். நன்றாகப் பிழிந்து, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, மறுபடி ஒரு முறை பிழியுங்கள். தண்ணீர் தங்கினால் ருசி நீர்த்துப் போகும். அப்புறம் உப்புப் போடத் தோன்றும். எள், சர்க்கரை, சோயா மூன்றையும் குழைத்து, பரிமாறும் நேரத்தில் கீரையோடு கலக்குங்கள்.

இதில் ஒரு நன்மை: பாலக்கீரையில் உள்ள ஆக்சலேட், சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகும் பொருள்களில் ஒன்று. நிறையத் தண்ணீரில் வேகவைத்துப் பிழியும்போது அதில் கணிசமான பகுதி வெளியேறிவிடுகிறது. வேகவைத்த தண்ணீரைச் சேர்த்துக் கொள்ளாதீர்கள்.

2. வெள்ளரி வினிகர் பச்சடி (சுனோமோனோ)

தேவையானவை: பிஞ்சு வெள்ளரி 300 கிராம், தேய்க்க உப்பு அரை டீஸ்பூன், அரிசி வினிகர் 3 டேபிள்ஸ்பூன், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் அரை டீஸ்பூன், ஊசி போல நறுக்கிய இஞ்சி சிறிது.

செய்முறை: வெள்ளரியைக் காகிதம் போல மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். உப்பைப் பிசிறிப் பத்து நிமிடம் வைத்தால் தண்ணீர் விட்டுத் துவளும். இப்போது ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசி, கைப்பிடியாக எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். போட்ட உப்பில் பெரும்பங்கு இப்படியே வெளியே போய்விடும். வினிகரில் சர்க்கரையைக் கரைத்து, சோயா, இஞ்சி சேர்த்து, வெள்ளரியைக் கலந்து, பத்து நிமிடம் குளிர வைத்துப் பரிமாறுங்கள்.

அரிசி வினிகர் கிடைக்காவிட்டால், சாதாரண வினிகர் 2 டேபிள்ஸ்பூனில் 1 டேபிள்ஸ்பூன் தண்ணீர் கலந்து கொள்ளலாம். முள்ளங்கியும் கேரட்டும் சீவி இதே முறையில் செய்தால் 'நமாசு'. ஜப்பானில் புத்தாண்டு அன்று வெள்ளையும் சிவப்புமாக மங்களகரமாக மேஜைக்கு வருவது இதுதான்!

3. பரங்கிக்காய் வேகவைத்தது (நிமோனோ)

தேவையானவை: பரங்கிக்காய் 400 கிராம், தாஷி 1 கப், சர்க்கரை 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 2 டீஸ்பூன்.

செய்முறை: பரங்கியை ஒன்றரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள். தோலை முழுசாகச் சீவ வேண்டாம். அங்கங்கே மட்டும் எடுங்கள். கூரான ஓரங்களைக் கத்தியால் லேசாகச் செதுக்கிவிட்டால், வேகும்போது ஒன்றோடொன்று இடித்து உடையாது. அகலப் பாத்திரத்தில் தோல் கீழே இருக்கும்படி ஒரே அடுக்காக அடுக்கி, தாஷியும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்க விடுங்கள்.

இப்போதுதான் ஜப்பானியத் தந்திரம்! பாத்திரத்தின் வாயைவிடச் சின்னதான மூடியைக் காயின் மேலேயே படும்படி உள்ளே வைக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீரே மூடியில் மோதிக் காய் முழுவதும் பரவுகிறது. காயும் புரளாது, உடையாது. நம் வீட்டில் சின்னத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துக் கொள்ளலாம். சிறு தீயில் எட்டு நிமிடம் கழித்துச் சோயா சேர்த்து, மேலும் ஐந்து நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள். உடனே பரிமாறாதீர்கள். இருபது நிமிடம் அப்படியே ஆறட்டும். ஆறும்போதுதான் ருசி காய்க்குள் இறங்குகிறது. மீதிச் சாற்றைக் குடிக்காமல் விட்டால் உப்பு இன்னும் மிச்சம்!

4. கேரட் வதக்கல் (கின்பிரா)

தேவையானவை: கேரட் 200 கிராம், தாமரைக் கிழங்கு 100 கிராம் (இல்லாவிட்டால் கேரட்டே 300 கிராம்), நல்லெண்ணெய் 2 டீஸ்பூன், காய்ந்த மிளகாய் 1, சர்க்கரை 2 டீஸ்பூன், சோயா சாஸ் 2 டீஸ்பூன், வறுத்த எள் 1 டீஸ்பூன்.

செய்முறை: கேரட்டைத் தீக்குச்சி போல நறுக்குங்கள். தாமரைக் கிழங்கை மெல்லிய வில்லைகளாக்கி, வினிகர் சில துளி விட்ட தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டால் கறுக்காது. எண்ணெயில் விதை நீக்கிய மிளகாயைப் போட்டு, காய்களைச் சேர்த்து, பெரிய தீயில் மூன்று நிமிடம் வதக்குங்கள். சர்க்கரை, இரண்டு ஸ்பூன் தாஷி, கடைசியில் சோயா. ஈரம் வற்றியதும் எள் தூவி இறக்குங்கள். கடித்தால் 'கறுக்' என்று இருக்க வேண்டும். குழைந்தால் கின்பிரா இல்லை!

பழைய பொம்மலாட்ட நாடகங்களில் வரும் கின்பிரா என்ற பலசாலி வீரனின் பெயர்தான் இதற்கு. ஜப்பானில் 'பர்டாக்' என்ற நாட்டு வேரைத்தான் முக்கியமாகப் போடுகிறார்கள். ஃபிரிட்ஜில் மூன்று நாள் கெடாது என்பதால், ஞாயிற்றுக்கிழமை செய்து வைத்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிக்கூட டிபன் பாக்ஸுக்கும் ஆயிற்று.

உப்புக் கணக்கு பார்ப்போமா?

ஒரு டீஸ்பூன் சாதாரண ஜப்பானியச் சோயா சாஸில் உப்பு ஏறக்குறைய 0.9 கிராம். இரண்டு டீஸ்பூன் போட்டால் 1.8 கிராம். நாலு பேருக்குப் பங்கிட்டால், ஒருவருக்கு அரை கிராமுக்கும் குறைவு. அதாவது, ஒரு வேளைக்கு இரண்டு கிண்ணம் சாப்பிட்டாலும் ஒரு கிராமைத் தாண்டாது. ஸ்பூனால் அளந்து ஊற்றினால்தான் இந்தக் கணக்கு. பாட்டிலைக் கவிழ்த்தால் எல்லாம் போச்சு!

சோயா சாஸ் வாங்கும்போது ஒரு ஏமாற்றம் உண்டு. ஜப்பானில் 'வெளிர் நிற' சோயா என்று ஒன்று விற்கிறார்கள். நிறம்தான் வெளிர், உப்பு அதில் இன்னும் கொஞ்சம் அதிகம். உங்களுக்கு வேண்டியது 'உப்புக் குறைந்தது' என்று தனியாகக் குறிப்பிட்டிருக்கும் பாட்டில்.

இந்தப் பதார்த்தங்கள் செய்கிற அன்று அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய்க்கு லீவு கொடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கையால் குறைத்ததை அந்தக் கையால் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

தைராய்டு தொல்லை உள்ளவர்கள்: கொம்பு கடற்பாசியில் அயோடின் மிக மிக அதிகம். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். காளான் தாஷியே போதும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள்: கீரையில் வைட்டமின் 'கே' அதிகம். திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை நோயாளிகள்: மேலே சொன்ன சர்க்கரையைப் பாதியாகக் குறையுங்கள். ஒரே வேளையில் நிமோனோ, கின்பிரா இரண்டும் வேண்டாம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: எந்தக் காய் எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் தீர்மானிக்கட்டும்.

கோதுமை, சோயா, எள் அலர்ஜி உள்ளவர்கள்: சாதாரண சோயா சாஸில் கோதுமையும் உண்டு என்பதை மறக்காதீர்கள்.

இந்த வாரப் பாடம்

நாலையும் ஒரே நாளில் செய்து வீட்டில் கலகத்தைக் கிளப்பாதீர்கள். இந்த வாரம் எள் கலவை மட்டும். அடுத்த வாரம் வெள்ளரி. நாகானோவிலும் ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. வருடக்கணக்கில், ஸ்பூன் ஸ்பூனாகத்தான் குறைத்தார்கள். நாக்கும் ஒரு குழந்தை மாதிரிதான். அதட்டினால் அடம் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால் கேட்டுக் கொள்ளும்.

ஒரு நாள் வீட்டுக்காரர், "ஊறுகாய் எங்கே?" என்று கேட்காமலே சாப்பிட்டு எழுந்து போவார் பாருங்கள். அன்றைக்கு நீங்கள் பாஸ்!